மண் காத்த பென்னட்

உயிர்கள் யாவும் மண்ணை நம்பி வாழ்கின்றன. நாம் உண்ணும் உணவும், உடுக்கும் பருத்தி ஆடையும், வீடு கட்ட வேண்டும் மரமும் மண்ணிலிருந்து பிறப்பனவே. ஆயினும் நிலத்தின் ஆழம் முழுவதும் பயிர்க்கு உதவுவதில்லை. அதன்மீது போர்வைபோல் படிந்துள்ள மேல்மண்ணே பயிரை ஊட்டி வளர்க்கும் தாயாகும். இலையும் சருகும் மக்கி, புழுவும் நுண்ணுயிரும் ஓயாது உழைத்து, ஓர் அங்குல மேல்மண் உருவாவதற்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் செல்லும். காவலற்ற சரிவு நிலத்திலிருந்து அதனைச் சில பெருமழைகள் வாரிக்கொண்டு போய்விடும்.

இவ்வுண்மையைத் தம் நாட்டின் அரசுக்கும் உழவர்க்கும் எடுத்துரைத்து, அப்பணிக்கே வாழ்நாளைச் செலவிட்டவர் ஹியூ ஹாமண்ட் பென்னட் என்னும் அமெரிக்கர். அவர் நாடாண்டவர் அல்லர். படை நடத்தியவரும் அல்லர். வேளாண்மைத் துறையில் இளம் அலுவலராய்ச் சேர்ந்து, அரை நூற்றாண்டுக்காலம் அரசுப் பணி புரிந்தவர். தாம் பணி புரிந்த துறையே தவறான கருத்தைக் கொண்டிருந்தபோது, அத்துறையைவிட்டு விலகாமலும், தாம் கண்ட உண்மையைக் கைவிடாமலும் நின்று வென்றவர்.

வேளாண்மைத் துறையின் தோற்றம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்த 1862ஆம் ஆண்டில், குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் வேளாண்மைத் துறையை நிறுவும் சட்டத்திற்குக் கையொப்பமிட்டார். வேளாண்மை பற்றிய செய்திகளைத் திரட்டி மக்களிடையே பரப்புதலும், புதிய விதைகளையும் செடிகளையும் தேடிக் கொணர்ந்து உழவர்க்கு வழங்குதலும் அத்துறையின் முதற்கடமைகளாக விதிக்கப்பட்டன. 1889ஆம் ஆண்டில் அதன் தலைவருக்கு அமைச்சரவையில் இடம் கிடைத்தது. கால்நடை நோய், பயிர்ப் பூச்சி, காடு முதலிய ஒவ்வொன்றையும் ஆராயத் தனித்தனிப் பிரிவுகள் தோன்றின. எந்த மண்ணில் எந்தப் பயிர் செழிக்கும் என்று உழவர்க்கு அறிவிக்கும் பொருட்டு, நாட்டின் மண்வகைகளை ஆராய்ந்து நிலப்படம் வரையும் வேலை 1899ஆம் ஆண்டில் தொடங்கிற்று. பென்னட்டின் வாழ்க்கை இந்த மண் ஆய்வுப் பிரிவோடு பிணைந்தது.

இளமையும் கல்வியும்

வட கரோலினா மாநிலத்தில் ஆன்சன் என்னும் வட்டாரம் உள்ளது. அங்கு மேடும் பள்ளமுமாகக் கிடந்த நிலத்தில் பருத்தி பயிரிட்டு வந்த குடும்பமொன்றில், 1881ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 15ஆம் நாள் பென்னட் பிறந்தார். அவ்வட்டாரத்து நிலங்கள் பல தலைமுறைகளாக உழப்பட்டவை. பருத்திச் செடிகளின் வரிசைகளுக்கு இடையே மண் வெறுமையாகக் கிடக்கும். மழை பெய்யும்போது நீர் அந்த இடைவெளி வழியே ஓடி, மண்ணை அறுத்துச் செல்லும். அதைத் தடுக்க உழவர்கள் சரிவின் குறுக்கே மண்ணை அணைத்து மேடு கட்டுவார்கள். சிறுவர் பென்னட்டும் அவ்வேலையில் தந்தைக்குத் துணை நின்றார். மண் ஓடிவிடும் பொருள் என்பதை அவர் ஏட்டில் கற்பதற்கு முன்னரே நிலத்தில் கற்றார்.

பின்னர் அவர் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கையில் பணம் போதாமையால் இடையே படிப்பை நிறுத்தி, மருந்துக் கடையொன்றில் வேலை பார்த்தார். பொருள் சேர்ந்ததும் மீண்டும் கல்லூரிக்குத் திரும்பினார். வேதியியலும் நிலவியலும் கற்று 1903ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே வேளாண்மைத் துறையின் மண் ஆய்வுப் பிரிவில் அவருக்கு வேலை கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து பணி செய்யலாம் என்று எண்ணியிருந்தவரை, டென்னசி மாநிலத்தில் மண் ஆய்வு நடத்தும் குழுவோடு செல்லுமாறு துறையினர் கேட்டனர். அவரும் இசைந்து சென்றார். துளைக்கருவியைத் தோளில் தாங்கி, வயல்தோறும் நடந்து, மண்ணைத் தோண்டிப் பார்த்துப் படம் வரையும் வாழ்க்கை அன்று தொடங்கிற்று. அவ்வேலை அவர் மனத்திற்குப் பிடித்துவிட்டது.

கண்ணைத் திறந்த காட்சி

1905ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்து லூயிசா வட்டாரத்திற்குப் பென்னட் அனுப்பப்பட்டார். அங்கே விளைச்சல் ஆண்டுக்காண்டு குறைந்து வந்தது. அதன் காரணத்தை அவரும் உடன் சென்ற அலுவலர் ஒருவரும் தேடினர். ஓரிடத்தில் சரிவான நிலம் ஒன்று இரு கூறாகக் கிடந்தது. ஒரு பக்கம் என்றும் உழப்படாத காடு. மறு பக்கம் நெடுங்காலமாக உழப்பட்டு வந்த வயல். இரண்டும் ஒரே பாறையிலிருந்து தோன்றிய ஒரே மண். இரண்டின்மீதும் பெய்தது ஒரே மழை. ஆயினும் காட்டு மண்ணைக் கையால் தோண்டினால் அது பொலபொலவென்று உதிர்ந்தது; ஈரமும் அதில் நிலைத்திருந்தது. வயலிலோ களிமண் வெளிப்பட்டுப் பாறைபோல் இறுகிக் கிடந்தது.

இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? வயலின் மேல்மண் முழுவதும் போய்விட்டது என்பதைப் பென்னட் உணர்ந்தார். ஆழமான பள்ளம் எதுவும் அங்கே தோன்றவில்லை. ஒவ்வொரு மழையிலும் ஏடு ஏடாக, கண்ணுக்குத் தெரியாத அளவில், நிலத்தின் மேற்பரப்பு முழுவதும் சீராகக் கரைந்து ஓடியிருந்தது. பள்ளம் விழுந்தால் உழவன் கண்டுகொள்வான். ஏடு ஏடாகக் கரையும் மண்ணை அவன் காண்பதில்லை; விளைச்சல் குறைந்த பின்னரே இழப்பை உணர்கிறான். கள்வன் வந்த சுவடு தெரியாமல் வீட்டுப் பொருள் நாள்தோறும் குறைவது போன்றது இது. நாடெங்கும் இவ்விழப்பு நேர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றே பென்னட்டின் நெஞ்சில் வேரூன்றியது.

துறையின் கருத்தும் பென்னட்டின் கருத்தும்

ஆனால் அவருடைய மேலதிகாரிகள் அவ்வாறு எண்ணவில்லை. 1909ஆம் ஆண்டில் மண் ஆய்வுப் பிரிவு வெளியிட்ட நூலொன்று, மண் அழிவற்ற செல்வம் என்றும், எவ்வளவு பயன்படுத்தினாலும் தீர்ந்துபோகாத பொருள் என்றும் உரைத்தது. அரசின் முத்திரை பெற்ற கருத்து அது. உழவர்கள் அதனை நம்பினால், தம் நிலத்தைக் காக்க வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்குத் தோன்றாது. அறியாமையால் ஒருவன் செய்யும் தவறு அவன் வயலோடு நிற்கும். அரசின் துறையொன்று தவறான கருத்தைப் பரப்பினால், அதன் விளைவு நாடு முழுவதும் பரவும். இதனை எண்ணியே பென்னட் பெரிதும் வருந்தினார்.

இத்தகைய நிலையில் சிலர் பணியைத் துறந்து வெளியேறுவர். சிலர் தம் கருத்தை மறைத்துக்கொண்டு காலங் கழிப்பர். பென்னட் சான்று தேடலானார். தென் மாநிலங்களின் மண் ஆய்வைக் கண்காணிக்கும் பொறுப்பு அவருக்கு வாய்த்திருந்தது. சென்ற இடமெல்லாம் இழந்த மண்ணை அளந்து குறித்தார். அலாஸ்கா, பனாமா, கியூபா ஆகிய இடங்களுக்கும் சென்று அங்குள்ள நிலங்களை ஆராய்ந்தார். உழவர் இதழ்களிலும் அறிவியல் இதழ்களிலும் இடைவிடாது எழுதினார். இவ்வாறு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. அவர் குரலைக் கேட்டவர் சிலரே. எனினும் அவர் சோர்வடையவில்லை.

1928ஆம் ஆண்டில், மண்ணரிப்பு நாட்டிற்கே நேர்ந்துள்ள பேராபத்து என்று எச்சரிக்கும் சிறு வெளியீடு ஒன்றைப் பென்னட்டும் காட்டுத்துறை அறிஞர் சாப்லின் என்பவரும் சேர்ந்து எழுதினர். அதை வெளியிட்டது அதே வேளாண்மைத் துறையே. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் மண் அழியாது என்று கூறிய துறை, இப்போது மண் அழிகின்றது என்று கூறும் ஏட்டை அச்சிட்டு வழங்கியது. பென்னட் பெற்ற முதல் வெற்றி இதுவாகும்.

அளந்து காட்டிய ஆய்வு நிலையங்கள்

அவ்வெளியீடு டெக்சாஸ் மாநிலத்துப் பிரதிநிதி புக்கனன் என்பவரின் கருத்தைக் கவர்ந்தது. அவர் முயற்சியால் 1929ஆம் ஆண்டில் மண்ணரிப்பு ஆராய்ச்சிக்கென 1,60,000 டாலர் ஒதுக்கப்பட்டது. அத்தொகையைக்கொண்டு பல மாநிலங்களில் ஆய்வு நிலையங்கள் அமைக்கப்பட்டன.

அந்நிலையங்களில் நடந்த சோதனை எளியது. சரிவு நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்தனர். ஒன்றில் புல்லும், ஒன்றில் மக்காச்சோளமும், ஒன்றில் பருத்தியும் வளர்த்தனர். ஒன்றை வெற்று நிலமாக விட்டனர். ஒவ்வொரு பாத்தியின் அடியிலும் தொட்டி வைத்து, மழையில் வழிந்து வரும் நீரையும் மண்ணையும் பிடித்து எடை போட்டனர். புல் மூடிய நிலத்திலிருந்து மிகச் சிறிதளவு மண்ணே வெளியேறியது. வெறுமையாகக் கிடந்த நிலத்திலிருந்தோ அதனினும் பன்மடங்கு மண் ஓடியது. இனி அது ஒருவருடைய கருத்து என்று எவரும் ஒதுக்க முடியாது. தராசே சான்று கூறிற்று.

மலைச்சரிவில் ஒரு முன்மாதிரி

அக்காலத்தில் அமெரிக்காவைக் கொடிய பொருளாதார மந்தம் வாட்டியது. வேலையற்றோர்க்கு வேலை தரும் திட்டங்களைக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வகுத்தார். அவற்றுள் ஒன்றாக 1933ஆம் ஆண்டில் உள்துறையின்கீழ் மண்ணரிப்புத் தடுப்புப் பணி அமைப்பு தோன்றியது. அதன் தலைவராகப் பென்னட் அமர்த்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

விஸ்கான்சின் மாநிலத்தில் கூன் ஓடை பாயும் பள்ளத்தாக்கை அவர் முதல் முன்மாதிரி இடமாகத் தேர்ந்தெடுத்தார். அங்கே உழவர்கள் செங்குத்தான சரிவுகளிலும் மேலிருந்து கீழாக நேர்கோட்டில் உழுது வந்தனர். அச்சால்களே மழைநீர் விரைந்தோடும் வாய்க்கால்கள் ஆயின. மலைமீதிருந்த மரங்களுக்கிடையே மாடுகள் மேய்ந்து இளஞ்செடிகளை அழித்தன. மண் இறங்கி ஓடையைத் தூர்த்தது. வெள்ளம் அடிக்கடி வந்தது.

அரசு ஆணை பிறப்பித்து உழவர்களை மாற்ற முயலுதல் கூடாது என்பது பென்னட்டின் கொள்கை. அவர் அலுவலர்கள் ஒவ்வொரு பண்ணைக்கும் சென்று, உழவரோடு நிலத்தைச் சுற்றி நடந்து, அந்நிலத்திற்கு ஏற்ற திட்டத்தை அவரோடு கலந்தே வகுத்தனர். விருப்பமுள்ளோர் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டனர். விதையும் கருவியும் அறிவுரையும் அரசு தந்தது. உழவர் தம் உழைப்பைத் தந்தனர். வேலையற்ற இளைஞர்களைக்கொண்டு அரசு அமைத்திருந்த படையும் உதவிக்கு வந்தது. சரிவின் குறுக்கே சம உயரத்தில் வளைந்து செல்லுமாறு உழுதனர். ஒரு பட்டை மக்காச்சோளம், அடுத்த பட்டை புல் என மாற்றி மாற்றிப் பயிரிட்டனர். மக்காச்சோளப் பட்டையிலிருந்து ஓடிவரும் நீரைப் புல் பட்டை தடுத்து நிறுத்தியது. மிகச் செங்குத்தான இடங்களைக் காட்டிற்கே விட்டனர். ஓர் உழவர் நிலத்தில் மண் நிலைத்ததைக் கண்டு அண்டை உழவரும் அம்முறையை மேற்கொண்டார்.

புழுதிப் புயல்

நீர் அரித்த கதை இது. காற்று அரித்த கதை இதனினும் கொடியது. அமெரிக்காவின் நடுப்பகுதியில் பரந்த சமவெளிகள் உள்ளன. பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு வளர்ந்திருந்த புல் மண்ணை வேரால் இறுகப் பிடித்திருந்தது. முதல் உலகப் போர்க்காலத்தில் கோதுமை விலை உயர்ந்தது, உழுபொறிகளும் பெருகின. மக்கள் புல்வெளியைப் பரக்க உழுது கோதுமை விதைத்தனர். போருக்குப்பின் விலை வீழ்ந்தது. விலை வீழ்ச்சியை ஈடுசெய்ய மேலும் நிலத்தை உழுதனர். 1931 முதல் மழை பொய்த்தது. பயிர் கருகியது, பிடித்து நிறுத்தப் புல் இல்லாத மண்ணைக் காற்று வாரியது.

1934ஆம் ஆண்டு மே திங்களில் எழுந்த புயல் சமவெளி மண்ணை ஆயிரக்கணக்கான கல் தொலைவு சுமந்து சென்றது. நியூயார்க்கு, வாஷிங்டன் நகரங்களின்மேல் புழுதி படிந்தது. அட்லாண்டிக் கடலில் சென்ற கப்பல்களின் தளங்களிலும் அது விழுந்தது. 1935 ஏப்ரல் 14ஆம் நாள் வீசிய புயலில் பகல் இரவாயிற்று. அந்நாள் கறுப்பு ஞாயிறு என்றே பெயர் பெற்றது. வீட்டினுள் உண்ணும் கலத்திலும் உறங்கும் பாயலிலும் மண் நிறைந்தது. மக்கள் மூச்சுவிட வருந்தினர், கால்நடைகள் மடிந்தன. இலட்சக்கணக்கானோர் தம் ஊரைவிட்டுப் பிழைப்புத் தேடிப் புறப்பட்டனர். நிலம் இருந்தும் மண்ணிழந்தோர் அவர்கள்.

சட்டம் பிறந்தது

அவ்வாண்டு இளவேனிற் காலத்தில் மண் பாதுகாப்பிற்கென நிலையான சட்டம் இயற்றும் முயற்சி நடந்தது. அதுவரை மண்ணரிப்புத் தடுப்புப் பணி வேலையற்றோர்க்கான தற்காலிகப் பணத்தை நம்பி நடந்து வந்தது. பணம் நின்றால் பணியும் நின்றுவிடும். பென்னட் சட்டமன்றக் குழுவினர்முன் சான்றுகளை எடுத்துரைத்தார். மேற்கிலிருந்து புழுதிப் புயலொன்று தலைநகரை நோக்கி வருவதை அவர் முன்னரே கேட்டறிந்திருந்தார் என்றும், அதனால் தம் உரையை வேண்டுமென்றே நீட்டிச் சென்றார் என்றும், பலகணிக்கு வெளியே வானம் இருண்டதும் உறுப்பினர்களுக்கு அதனைச் சுட்டிக்காட்டினார் என்றும் அவர் வாழ்க்கையை எழுதியோர் கூறுவர். இருபது ஆண்டுகளாக அவர் எழுதியும் பேசியும் உணர்த்த முயன்றதைத் தலைநகரின் வானமே உணர்த்திவிட்டது.

1935 ஏப்ரல் 27ஆம் நாள் மண் பாதுகாப்புச் சட்டத்திற்கு ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார். மண்ணும் ஈரமும் வீணாதல் நாட்டின் நல்வாழ்வுக்கு ஊறு என்று அச்சட்டம் அறிவித்தது. வேளாண்மைத் துறையில் மண் பாதுகாப்புப் பணி என்னும் நிலையான பிரிவு ஏற்பட்டது. அதற்குத் தலைவராகப் பென்னட்டே அமர்ந்தார். மண் தீராத பொருள் என்று ஒருகாலத்தில் கூறிய துறை, மண்ணைக் காத்தலைத் தன் கடமையாக ஏற்றது.

உழவர் கையில் பொறுப்பு

தலைநகரில் அமர்ந்திருக்கும் அலுவலர் ஒவ்வொரு வயலையும் காத்தல் இயலாது. நிலத்தின் தன்மையை நன்கறிந்தவர் அதனை உழுபவரே. ஆகவே ஒவ்வொரு வட்டாரத்திலும் உழவர்களே கூடி மண் பாதுகாப்பு வட்டங்களை அமைத்துக்கொள்ள வழி செய்யும் மாதிரிச் சட்டமொன்று உருவாயிற்று. 1937ஆம் ஆண்டில் ரூஸ்வெல்ட் அதனை மாநில ஆளுநர்களுக்கு அனுப்பினார். வட்டத்தின் அலுவல்களை உழவர்கள் நடத்துவர். வேளாண்மைத் துறையின் வல்லுநர் அவர்களுக்குத் துணை நிற்பர்.

அவ்வாண்டு ஆகஸ்டு திங்களில் நாட்டின் முதல் மண் பாதுகாப்பு வட்டம் தோன்றியது. அதன் பெயர் பிரௌன் ஓடை வட்டம். அது அமைந்த இடம் வட கரோலினாவின் ஆன்சன் வட்டாரமாகும். சிறுவர் பென்னட் தந்தையோடு மண் மேடு கட்டிய நிலமும் அவ்வட்டத்தினுள்ளேயே இருந்தது. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ மூவாயிரம் வட்டங்கள் உள்ளன.

1930களின் இறுதியில் சமவெளிகளில் மீண்டும் நல்ல மழை பெய்தது. புழுதிப் புயல்களும் ஓய்ந்தன. அவ்வமைதிக்கு மழை பெருங்காரணமே. ஆயினும் மீண்டும் விதைத்த புல்லும், காற்றைத் தடுக்க நட்ட மரங்களும், உழவர் மாற்றிக்கொண்ட உழவு முறையும் மண்ணுக்கு அரணாயின. பின்னாளில் வறட்சி மீண்டும் வந்தபோது, முன்னைய அளவிற்கு அழிவு நேரவில்லை.

இறுதி நாட்கள்

பென்னட் 1939ஆம் ஆண்டில் மண் பாதுகாப்பைப் பற்றிப் பெரியதொரு நூல் எழுதினார். பிற நாடுகளும் அவரை அழைத்து அறிவுரை கேட்டன. 1944ஆம் ஆண்டில் அவர் தென்னாப்பிரிக்கா சென்று அங்குள்ள நிலங்களைப் பார்வையிட்டார். பெரிய உருவமும், எவரோடும் எளிதாகக் கலந்து பேசும் இயல்பும் உடையவர் அவர். உழவர் கூட்டத்தில் பேசும்போது அறிவியற் சொற்களை விடுத்து, அவர்கள் வயலில் அன்றாடம் காணும் பொருள்களைக்கொண்டே விளக்குவார். 1951ஆம் ஆண்டில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். மறு ஆண்டு அரசுப் பணியிலிருந்தும் ஓய்வு பெற்றார். 1960 ஜூலை 7ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் உடல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் தோற்றுவித்த பிரிவு 1994ஆம் ஆண்டில் இயற்கைவளப் பாதுகாப்புப் பணி என்று பெயர் மாற்றம் பெற்று, அந்நாட்டு வேளாண்மைத் துறையில் தொடர்ந்து பணியாற்றி வருகின்றது.

ஒரு நாட்டின் வேளாண்மைத் துறைக்கு விளைச்சலைப் பெருக்கும் கடமை உண்டு. விளைச்சலைத் தரும் மண்ணை அடுத்த தலைமுறைக்குக் குறைவின்றி ஒப்படைக்கும் கடமையும் அதற்கு உண்டு. முன்னது ஓராண்டில் பயன் தரும். பின்னதன் பயனைக் காண நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டாம் கடமையைத் தம் துறைக்கு நினைவூட்டியவர் பென்னட். தவறு கண்டவிடத்து அதனை அஞ்சாது கூறுதலும், கூறியதைச் சான்றால் நிலைநாட்டுதலும், நிலைநாட்டியதை மக்களின் உடன்பாட்டோடு செயலாக்குதலும் நல்ல அரசு அலுவலருக்குரிய பண்புகள் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகின்றது. மழை பெய்யும்போது தெருவில் ஓடும் செந்நீரைக் காணும் மாணவர், அந்நிறம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எங்கோ ஒரு வயல் தன் செல்வத்தை இழந்துகொண்டிருக்கிறது என்பதை அந்நிறம் அறிவிக்கும்.